தீவகத்தின் பழைய இசைத்தட்டுகள்: விற்பனைக்கு முன் ஒரு பதிவு வேண்டும்

அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில், 1987க்குப் பின்னர் முதல் தடவையாக, சீடிக்களை விட வைனில் இசைத்தட்டுகள் கூடுதலாக விற்பனையாகின. அந்நாட்டு ஒலிப்பதிவுத் துறைச் சங்கத்தின் கணக்கின்படி 4 கோடியே 10 இலட்சம் இசைத்தட்டுகள். 3 கோடியே 30 இலட்சம் சீடிக்கள். பழைய தட்டுகளைத் தேடுவோரும் பெருகியுள்ளனர். அதிலும் நிமிடத்துக்கு 45 சுற்றுகள் சுழலும் 7 அங்குலச் சிறுதட்டுக்குத் தனி மவுசு. டீப் பர்ப்பிள் குழுவின் 'பிளாக் நைட்' 1970இல் சிறுதட்டாக வந்தது. அதே ஆண்டில் பிரித்தானியாவில் வெளியான அவர்களின் 'இன் றொக்' பெருந்தட்டில் அந்தப் பாடல் இல்லை. ஹார்ட் றொக் சேகரிப்பாளர்கள் விலை கொடுப்பது இத்தகைய தட்டுகளுக்குத்தான்.

அதே காலத்தில் நம்மிடமும் கிற்றார் ஒலித்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' ஆகியவை ஈழத்துப் பொப்பிசையை வீடுவீடாகக் கொண்டு சென்றன. இது ஹார்ட் றொக் அல்ல. பைலாத் தாளத்தில் பேச்சுத் தமிழை ஏற்றிய இசை. ஆனால் பெரியவர்கள் முகம் சுளிக்க, இளையோர் கொண்டாடிய இசை என்ற வகையில் இரண்டும் ஒரே தலைமுறையின் குரல்.

இந்த இசையின் எழுச்சிக்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. 1970இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு அந்நியச் செலாவணியைக் காக்க இறக்குமதியை இறுக்கியது. யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது. தமிழகப் படங்களும் சஞ்சிகைகளும் கட்டுப்படுத்தப்பட்டபோது உள்ளூர்க் கலைஞருக்கும் இடம் பிறந்தது. தெற்கில் ஜெரால்ட் விக்கிரமசூரியவின் 'சூரியா' நிறுவனம் கிளாரன்ஸ் விஜேவர்தன போன்றோரைத் தட்டில் ஏற்றியது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. கூடவே கசற்றும் வந்தது. இசைத்தட்டின் காலம் மங்கியது. அதாவது, உள்ளூர்ப் பொப்பிசைத் தட்டுகளின் செழிப்பான காலம் ஒரு பத்தாண்டைச் சற்றே தாண்டியது மட்டுமே. இன்று அவை அரிதாக இருப்பதற்கு முதற் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் போர். புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை, நயினாதீவு எனத் தீவகத்தின் பல ஊர்களிலிருந்தும் சென்றோர் கொழும்பிலும் தெற்கின் நகரங்களிலும் கடை நடத்தினர். ஊர் திரும்பும்போது வானொலிப் பெட்டி, கிராமபோன் போன்ற பொருட்களும் உடன் வந்தன. 1983 யூலை வன்முறை அந்த வணிகத்தைச் சிதைத்தது. 1990-91 காலப் படை நடவடிக்கைகள் தீவகத்தையே பெருமளவு வெறிச்சோட வைத்தன. குடாநாட்டில் மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஆண்டுகள் அவை. ஆளில்லாத வீடுகளில் கதவும் யன்னலும் கூட மிஞ்சவில்லை. இசைத்தட்டை யார் நினைத்திருப்பார்?

எஞ்சியவற்றை விற்பதில் தவறில்லை. பொருளின் உரிமையாளர் அதை விரும்பியவருக்குக் கொடுக்கலாம். பிரச்சினை வேறு. தட்டு கைமாறும்போது அதிலுள்ள ஒலியும், யார் பாடினார், யார் எழுதினார், எந்த நிறுவனம் வெளியிட்டது என்ற விபரமும் சேர்ந்தே போய்விடுகின்றன. அச்சிட்ட நூல்களை ஒப்படைக்க 1885ஆம் ஆண்டிலிருந்தே இங்கு கட்டளைச் சட்டம் உண்டு. அது அச்சுக்கான சட்டம். இசைத்தட்டை அது கணக்கில் எடுக்கவில்லை. 1981இல் யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்ட வலியே நம்மை நூல்களைக் காக்கத் தூண்டியது. 2005 முதல் நூலகம் நிறுவனம் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமமாக்கி வருகிறது. வாய்மொழி வரலாறுகளையும் பதிவு செய்கிறது. அதே அக்கறை இசைத்தட்டுக்கும் வேண்டும்.

சட்டச் சிக்கலையும் மறைக்க வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒலிப்பதிவுத் தயாரிப்பாளரின் உரிமை 50 ஆண்டுகளுக்கு உண்டு. 1970களின் தொடக்கத்தில் வெளியான தட்டுகள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. ஆனால் பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் உரிமை அவர்களின் மறைவுக்குப் பின்னும் 70 ஆண்டுகள் தொடரும். எனவே பாதுகாப்புக்காகப் பிரதி எடுப்பது வேறு, பொதுவில் வெளியிடுவது வேறு. இரண்டாவதற்குக் கலைஞரிடமோ குடும்பத்தாரிடமோ அனுமதி பெற வேண்டும். அந்தத் தலைமுறையினர் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்வது எளிது.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. தட்டின் இரு பக்க லேபல்களையும், நடுவில் பள்ளங்கள் முடியும் இடத்தில் பொறித்த இலக்கத்தையும் படமெடுக்க வேண்டும். எந்த ஊர், எந்தக் காலத்தில் வாங்கியது என்று எழுதி வைக்க வேண்டும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வைக்க வேண்டும். 78 சுற்றுப் பழைய அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக் கூடாது. அரக்கு அதில் கரையும். ஊர்ச் சனசமூக நிலையங்கள் இந்தப் பட்டியலைத் தொடங்கலாம். யாழ். பல்கலைக்கழகத்தில் இராமநாதன் பெயர் தாங்கிய கலைப் பீடம் ஒலியைப் பிரதி எடுத்துக் காக்கலாம். கோயிலுக்கும் பாடசாலைக்கும் அள்ளிக் கொடுக்கும் புலம்பெயர் ஊர்ச் சங்கங்களுக்கு இதற்கான செலவு ஒரு பொருட்டே அல்ல.

தட்டு ரொறன்ரோவிலோ பாரிஸிலோ ஒருவரின் அலுமாரியில் இருக்கட்டும். அதன் ஒலி நம்மிடமும் இருக்க வேண்டும்.