கெல்ட்ரியாவின் முட்புதர்

கோட்டை என்றவுடன் செஞ்சியைப் போல் குன்றின்மேல் எழுந்த மதில்களையே நம் மனம் எண்ணிக்கொள்கிறது. பழவேற்காட்டில் குன்றும் இல்லை, மதிலும் எஞ்சவில்லை. பொன்னேரியிலிருந்து பேருந்தில் சென்றிறங்கிக் கோட்டை எங்கே என்று வினவினால், அகழியையும் அதன் நடுவே மண்டிக்கிடக்கும் முட்புதரையும் சுட்டுவர். டச்சுக்காரர் 1613இல் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டை அதுதான்.

கோட்டை அழிந்ததே என்ற வருத்தத்தோடுதான் மாணவர் சிலருடன் அங்கே சென்றோம். திரும்புகையில் வேறொன்றே நம்மை உறுத்திற்று.

அருகிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். உள்ளே, பெயரும் ஆண்டும் பொறித்த கற்கள். வணிகர்கள் இங்கே பெயரோடு உறங்குகிறார்கள். ஆனால் இத்துறையிலிருந்து கப்பலேறியவை துணிப்பொதிகள் மட்டுமல்ல. பதினேழாம் நூற்றாண்டில் போரும் பஞ்சமும் வந்தபோதெல்லாம், உண்ண வழியின்றித் தம்மையும் தம் மக்களையும் விற்றுக்கொண்டவர்கள் அடிமைகளாகப் பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றப்பட்டனர். அவர்களுக்கென்று ஒரு கல்லும் நம் கண்ணில் படவில்லை.

இதே ஊரில் 1630களில் சமயகுருவாகப் பணியாற்றியவர் ஆபிரகாம் ரொஜேரியஸ். பத்மநாபன் என்ற பிராமணரின் துணையோடு பர்த்ருஹரியின் பாடல்களை அவர் டச்சில் தந்தார். அவர் மறைந்தபின் 1651இல் அந்நூல் வெளிவந்தது. நம் இலக்கியம் ஐரோப்பா சென்ற கதையைப் பேசும்போது இதைப் பெருமையோடு குறிப்பிடுகிறோம். நாமும் வகுப்பில் அவ்வாறே சொல்லி வந்திருக்கிறோம். அப்பாடல்கள் சென்ற அதே கடல்வழியில்தான் அம்மனிதர்களும் சென்றனர் என்பதை ஒருநாளும் சொன்னதில்லை. குறை நம்முடையதே.

புதரை அகற்றிக் கோட்டையைச் சுற்றுலாத் தலமாக்க வேண்டும் என்பாரோடு நமக்குப் பிணக்கில்லை. ஆயின் வெறும் செங்கல்லை மீட்பது பாதி வேலைதான். டச்சுக் கும்பினியின் ஆவணங்கள் ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைப் படித்தறியும் தமிழ் ஆய்வாளர்கள் உருவாக வேண்டும். அதுவரை, அகழிக்கரையில் தமிழில் ஒரு பலகையேனும் நிற்கட்டும்: இத்துறையிலிருந்து மனிதரும் விற்கப்பட்டனர் என்று.

டச்சுக்காரர் 1825இல் ஊரை ஆங்கிலேயரிடம் விட்டுச் சென்றனர். இன்று தெற்கே காட்டுப்பள்ளியிலும் எண்ணூரிலும் புதிய துறைமுகங்கள் இயங்குகின்றன. ஏரியில் மீனவர் வலை வீசிக்கொண்டிருந்தனர். விற்கப்பட்டவர்களின் பெயர் என்ன ஐயா என்று ஒரு மாணவி கேட்டாள். நம்மிடம் விடை இல்லை.