கரண்ட் போனா தண்ணி எங்க போகும்?

வீட்டுல கடல் மீன் தொட்டி வைக்கணும்னு ஆசைப்படுறவங்க என்கிட்ட முதல்ல கேக்குறது, "எந்த லைட் வாங்கலாம்?" அடுத்தது, "நீமோ மீன் என்ன விலை?" குழாயைப் பத்தி ஒருத்தர் கூடக் கேட்டதில்லை. என் கட்சி என்னன்னா, லைட்டெல்லாம் அப்புறம். முதல் செலவும் முதல் கவலையும் குழாய்க்குத்தான்.

தெரியாதவங்களுக்காக: மேல தொட்டி, கீழ ஸ்டாண்டுக்குள்ள இன்னொரு தொட்டி. அதுக்கு சம்ப்னு பேரு. (வாசல்ல கார்ப்பரேஷன் தண்ணி பிடிக்கிற சம்ப் இல்ல சாமி!) மேல இருந்து தண்ணி தானா வழிஞ்சு கீழ இறங்கும், அங்க அழுக்கைப் பிரிச்சதும் மோட்டார் திரும்ப மேல ஏத்தும். மோட்டார் ஓடுற வரைக்கும் எல்லாம் அழகு. நின்னாத்தான் கூத்து.

கணக்கைப் பாருங்க. 4 அடி நீளம், ஒண்ணரை அடி அகலத் தொட்டியில நீர்மட்டம் 1 அங்குலம் இறங்கினா 14 லிட்டர். மோட்டார் குழாயோட வாய் தண்ணிக்குள்ள 6 அங்குலம் கீழ இருந்தா, கரண்ட் போன நிமிஷம் அதே குழாய் தலைகீழா உறிஞ்ச ஆரம்பிக்கும். வாய்க்குக் காத்து கிடைக்கிற வரை நிக்காது. கிட்டத்தட்ட 85 லிட்டர் இறங்கிடும். சம்ப்ல அவ்வளவு இடம் விட்டிருக்கீங்களா? இல்லேன்னா மீதி உங்க ஹால் தரையில, அப்புறம் கீழ் வீட்டு சீலிங்ல.

போன வருஷம் எங்க அபார்ட்மெண்ட்ல இதுதான் நடந்தது. மூணாவது மாடிக்காரர் ஊர்ல இல்லை. தொட்டி வச்சுக் கொடுத்த கடைக்காரர், "ஒன்வே வால்வு போட்டிருக்கேன் சார், கவலையே படாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருந்தார். ஏழெட்டு மாசம் அந்த வால்வு மூடுச்சு. கடல் தண்ணியில சுண்ணாம்பு படியும், குட்டி நத்தை புகுந்து உக்காரும், அப்புறம் எங்க மூடுறது? ராத்திரி ரெண்டு மணி பவர்கட்ல, ரெண்டாவது மாடிப் பாட்டி கட்டில் மேல ஃபேன் வழியா சொட்டுச் சொட்டா உப்புத்தண்ணி. கரண்ட் வர்றதுக்குள்ள பேரன் ஓடிப்போய் மெயினை ஆஃப் பண்ணினான். பையன் அன்னிக்கு வீட்டுல இருந்ததால தப்பிச்சாங்க. தொட்டி வச்சது ஒருத்தர், ஆபத்து கீழ் வீட்டுக்கு. எனக்குக் கோபம் வர்றதே இந்த இடத்துலதான்.

குழாய் வாயை நீர்மட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழ வைங்க, போதும். காத்து போக குழாய்ல ஒரு துளை போடலாம், ஆனா பாசி அடைக்கும், வாராவாரம் குத்தி விடணும். ஒன்வே வால்வு இருந்தா இருக்கட்டும், அதை நம்பி மட்டும் தூங்காதீங்க. உப்பு கலக்குறதுக்கு முன்னாடியே வெறும் தண்ணி ஊத்தி, மோட்டாரை நிறுத்தி நிறுத்திப் பாருங்க. சம்ப்ல தண்ணி எதுவரைக்கும் ஏறுதுன்னு மார்க்கர்ல ஒரு கோடு.

இதுக்கு நேர் எதிரான வில்லங்கமும் உண்டு. வடிகுழாய் அடைச்சுக்கிச்சுன்னா மோட்டார் சம்ப் தண்ணியை எல்லாம் மேல ஏத்தி வழிய விடும். அதனால வடிகுழாய் ரெண்டு வேணும். அவசரத்துக்குன்னு விட்ட குழாய்ல வால்வே கூடாது. மோட்டார் இருக்கிற அறையில, மேல் தொட்டி தாங்குற அளவுதான் தண்ணி நிக்கணும். விளிம்பு மேல மாட்டுற யூ குழாய் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. காத்து சேர்ந்தா சைஃபன் அறுந்துடும். கண்ணாடியில துளை போடுறதுதான் உத்தமம். ஆனா டஃபண்ட் கண்ணாடியில டிரில் வச்சா சுக்குநூறு, சொல்லிட்டேன்.

நம்ம பிளம்பர் அண்ணன் "பித்தளை வால்வுதான் சார் கெட்டி"ம்பார். வீட்டுக்குக் கெட்டி, தொட்டிக்கு விஷம். பித்தளையில இருக்கிற செம்பு கரைஞ்சா இறால், நத்தை, பவளம் எல்லாம் காலி. பிவிசி பால் வால்வு, கழட்ட வசதியா யூனியன், சால்வெண்ட் காய ஒரு முழு நாள். அவசரப்படுத்தினா நிச்சயம் ஒழுகும்.

கரண்ட் விஷயம்: 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாம தொட்டிக்குள்ள கை விடாதீங்க. எம்சிபி இருக்கேன்னு சொல்லாதீங்க, அது ஒயரைக் காப்பாத்தும், உங்களை இல்ல. ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழ தொங்கி வளைஞ்சு மேல ஏறணும், சொட்டு அங்கேயே விழுந்துடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஸ்டாண்டுக்குள்ள தரையில போடவே போடாதீங்க.

குழாய்க்கு சம்பந்தமில்லாத ஒண்ணு. கடலோட கல் பவளத்தை எல்லாம் 2001-லயே வனவிலங்குச் சட்டத்துல அட்டவணை 1-ல சேர்த்தாச்சு. புலி இருக்கிற அதே அட்டவணை! மன்னார் வளைகுடாவுல உடைச்சதை யாராவது காகிதத்துல சுத்திக் கொடுத்தா வாங்காம வாங்க. நீமோ மீனை மண்டபத்துல மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வச்சுக் காட்டியிருக்காங்க. அப்படி வளர்த்த மீனான்னு கேட்டு வாங்குங்க. கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும் :-)