'இந்தாம்மா ஏய்!' - அதட்டியவரை ஏன் மறக்க முடியவில்லை?

நடிகர்களுக்கு வாய்க்கும் வேலைகளில் மிகச் சிரமமானது ஒன்று உண்டு. பார்க்கிறவர்கள் எல்லோரும் அவரைத் திட்ட வேண்டும். திட்டிக்கொண்டே, 'இன்னைக்கு அந்த ஆளு வருவாரா?' என்று காத்திருக்கவும் வேண்டும்.

சினிமா வில்லனுக்கு இந்தத் தொல்லை குறைவு. இரண்டரை மணி நேரத்தில் அடி வாங்கி விழுந்துவிடுவார். டி.வி. சீரியலில் அப்படி முடியாது. தினமும் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வீட்டு ஹாலுக்கே வந்தாக வேண்டும். ஒரு நாள் சலித்தாலும் ரிமோட் வேறு சேனலுக்குப் போய்விடும்.

அந்த வேலையைச் சரியாக 19 மாதங்கள் செய்து, தமிழ்நாடே பேசும் அளவுக்கு உயர்ந்தவர் ஜி.மாரிமுத்து. சன் டி.வி.யில் 2022 பிப்ரவரியில் தொடங்கிய 'எதிர்நீச்சல்' தொடரின் ஆதி குணசேகரன்.

அந்தக் கதையைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: மதுரையில் ஒரு பெரிய வீடு. அண்ணன் தம்பிகள் நாலு பேர். வீட்டுக்கு வந்த மருமகள்கள் எல்லோருமே படித்தவர்கள், திறமைசாலிகள். ஆனால் ஒருவரும் வேலைக்குப் போகக் கூடாது. அடுப்படியும் மூத்தவர் போடும் உத்தரவும்தான் அவர்கள் உலகம். கடைசி மருமகள் ஜனனி வந்த பிறகு அந்த வீட்டில் கேள்விகள் ஆரம்பிக்கின்றன. உத்தரவு போடும் அந்த மூத்தவர்தான் குணசேகரன்.

இந்தக் கதையை ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அதன் அர்த்தமே கொஞ்சம் மாறும்.

காலையில் ஓசூர் சிப்காட் பக்கம் போனால், கம்பெனி பஸ்களிலிருந்து ஐ.டி. கார்டு மாட்டிய பெண்கள் வரிசையாக இறங்குவதைப் பார்க்கலாம். இது ஒரே நாளில் வந்த மாற்றமில்லை. 1980-களில் டைட்டன் கடிகார ஆலை இங்கே வந்தபோது, அப்போதைய தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களோடு இளம் பெண்களையும் வேலைக்கு எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2021-ல் போச்சம்பள்ளியில் ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், 10,000 பேருக்கு மேல் வேலை பெறுவார்கள் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. ஓசூரை அடுத்த டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையிலும் பெண்களே அதிகம். ஜார்க்கண்டிலிருந்துகூட ரயிலேறி வந்து வேலை பார்க்கிறார்கள்.

அதாவது, குணசேகரன் எதைக் கூடாது என்றாரோ, அதைத்தான் இங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் தினமும் மூன்று ஷிஃப்ட்டிலும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் அவர்களுக்கு அந்த ஆள் பழைய காலத்து வேடிக்கையாகத்தானே தெரிய வேண்டும்? இல்லை. கம்பெனி கேட்டைத் தாண்டியவர்களில் பலர் அதற்கு முன்னால் ஒரு வீட்டு வாசலைத் தாண்டி வந்தவர்கள். 'நைட் ஷிஃப்ட்டா? வேணாம்', 'ஹாஸ்டல்ல தங்குறதா? ஊரு என்ன பேசும்?' என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தவர்கள். அந்தக் கேள்வி இங்கே தமிழில் மட்டும் கேட்கப்படுவதில்லை. அத்திப்பள்ளிக்குப் போனாலே கர்நாடகம். ஓசூரிலேயே தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக இருக்கிற தெருக்கள் உண்டு. சன், உதயா, ஜெமினி என்று சேனல் மாறும். வீட்டுப் பெரியவரின் குரல் மட்டும் மாறாது. 'எதிர்நீச்சல்' கதை கன்னடத்திலும் எடுக்கப்பட்டதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

அந்தக் குரலை மாரிமுத்து எப்படிப் பிடித்தார் என்பதில்தான் அவருடைய திறமை இருக்கிறது. அவர் குணசேகரனை ராட்சசனாகக் காட்டவில்லை. தான் செய்வதெல்லாம் நியாயம், தன்னால்தான் இந்தக் குடும்பமே நிற்கிறது என்று மனதார நம்புகிற மனிதராகக் காட்டினார். கத்துவார், கேலி பேசுவார், சட்டென்று தன்மேலேயே பரிதாபப்பட்டுக்கொள்வார். இப்படி ஒரு பெரியப்பாவையோ மாமாவையோ பலரும் நேரில் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் பயமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தொடரை இயக்கியவர் 'கோலங்கள்' திருச்செல்வம். வசனம் எழுதியவர் ஸ்ரீவித்யா. பெண்களை அடக்கும் அந்தப் பேச்சையெல்லாம் எழுதியது ஒரு பெண். பல வீடுகளில் பெண்கள் காது கொடுத்துக் கேட்டு வளர்ந்த பேச்சு அது. அதை ஓர் ஆண் நடிகர் கொஞ்சமும் மழுப்பாமல் அப்படியே பேசிக் காட்டினார்.

இந்த இடத்துக்கு வர அவர் நடந்த தூரம் கொஞ்சமல்ல. தேனி மாவட்டம் வருசநாடு பக்கத்தில் பசுமலைத்தேரி அவருடைய ஊர். 1990 வாக்கில் சினிமா ஆசையில் சென்னைக்கு வந்து, ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்தார். பிறகு ராஜ்கிரணிடம் 'அரண்மனைக் கிளி'யில் உதவி இயக்குநர். மணிரத்னம், வசந்த், எஸ்.ஜே.சூர்யா என்று பலரிடம் வேலை. 2008-ல் 'கண்ணும் கண்ணும்', 2014-ல் 'புலிவால்' என்று இரண்டு படங்களை இயக்கினார். இயக்குநராகப் பெரிய இடம் அமையவில்லை.

நடிப்புக்கு அவரை இழுத்தது மிஷ்கினின் 'யுத்தம் செய்' (2011). அதன்பின் போலீஸ்காரர், அப்பா, ஊர்ப் பெரியவர் என்று சின்னச் சின்ன வேடங்கள். 2018-ல் 'பரியேறும் பெருமாள்' படத்தில் நாயகியின் அப்பாவாக வந்தது அவர்தான். சாதிக்காரர்களுக்குப் பயந்து, தன் மகளின் நண்பனிடம் கையறு நிலையில் நிற்கும் அப்பா. அந்த அப்பாவையும் குணசேகரனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் கௌரவத்துக்குப் பயப்படுகிறவர், இன்னொருவர் கௌரவத்தைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர். இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். இரண்டையும் ஒரே முகம் காட்டியது.

இருந்தும், தெருவில் போனால் பேர் சொல்லிக் கூப்பிடும் புகழ் சினிமாவால் வரவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு டி.வி.தான் அதைக் கொடுத்தது. டி.ஆர்.பி. பட்டியலில் தொடர் முன்வரிசைக்கு வந்தது. 'இந்தாம்மா ஏய்' என்ற அதட்டல் மீம்ஸாகி, சீரியலே பார்க்காத காலேஜ் பையன்களின் வாயிலும் புகுந்தது.

இங்கேதான் ஒரு சிக்கல். மீம்ஸ் எல்லாவற்றையும் இனிப்பாக்கிவிடும். பெண்களை வாயடைக்கும் ஓர் அதட்டல், கேட்டவுடன் சிரிக்கும் காமெடியாக மாறியது. வில்லனை ரசிக்க ரசிக்க, 'அவரு சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல?' என்ற எண்ணமும் மெல்ல உள்ளே நுழையும். நடிகர் நன்றாக நடித்துவிட்டால் இந்த ஆபத்து கூடவே வரும். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சிரிப்பு எதைப் பார்த்து வருகிறது என்று கவனிக்க வேண்டியது பார்க்கிறவர்களின் பொறுப்பு. நிஜத்தில் மாரிமுத்து புத்தக வாசிப்பில் ஆர்வம் கொண்டவர். ஜோதிடத்தை எதிர்த்து டி.வி. விவாதத்தில் தயங்காமல் பேசியவர். குணசேகரன் அவருடைய கருத்தல்ல, அவருடைய வேலை.

2023 ஆகஸ்ட் 10-ம் தேதி ரஜினியின் 'ஜெயிலர்' வெளியானது. அதிலும் மாரிமுத்து இருந்தார். இனி எல்லாம் ஏறுமுகம்தான் என்று தோன்றிய நேரம். ஒரு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 8 காலை, 'எதிர்நீச்சல்' டப்பிங்கில் இருந்தபோது நெஞ்சு வலி. மருத்துவமனைக்குப் போயும் காப்பாற்ற முடியவில்லை.

பிரிட்டனில் 'கொரனேஷன் ஸ்ட்ரீட்' என்று ஒரு தொடர், 1960-ல் ஆரம்பித்தது. முதல் எபிசோடில் வந்த வில்லியம் ரோச் என்ற நடிகர், அதே கென் பார்லோ வேடத்தில் அறுபது வருடங்களுக்கு மேல் நடித்துவருகிறார். சீரியல் நடிகர் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய ஆயுள் அவ்வளவு. மாரிமுத்துவுக்குக் கிடைத்தது வெறும் 19 மாதங்கள்.

அவருக்குப் பிறகு எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கென்று ஒரு கம்பீரம் இருந்தும், பார்க்கிறவர்களுக்குப் பழகச் சிரமமாகவே இருந்தது. தொடர் 2024 ஜூனில் முடிந்து, அந்த டிசம்பரிலேயே 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று மறுபடி வந்தது. குணசேகரன் இன்னும் இருக்கிறார். மருமகள்களும் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

சீரியலை இழுக்கலாம், அது அவர்கள் தொழில். வெளியே நிலைமை வேறு. செகண்ட் ஷிஃப்ட் முடிந்து ஹாஸ்டலுக்கு வந்து, விட்டுப்போன எபிசோடை போனில் பார்க்கிற ஒரு பெண்ணுக்கு அது வெறும் கதையில்லை. தான் எதைத் தாண்டி வந்தோம் என்பதைத் தூரத்தில் உட்கார்ந்து பார்க்கும் வசதி. அந்த வாசலில் நின்று தடுத்த முகத்தை அச்சு அசலாகக் காட்டியவர் மாரிமுத்து. தடுத்தது யார், எப்படிப் பேசித் தடுத்தார் என்று தெளிவாகத் தெரிந்தால்தான், அடுத்த முறை அதே குரல் வீட்டில் கேட்கும்போது பதில் சொல்ல வாய் வரும்.