அள்ள அள்ள முளைக்கும் வெங்காயத்தாமரை: பிரச்சினை செடியிலா, சாக்கடையிலா?

வடகிழக்குப் பருவமழை நெருங்கினாலே சென்னையில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். அடையாறு, பக்கிங்காம் கால்வாய் என மிதவை இயந்திரங்கள் இறங்கி, தண்ணீரே தெரியாமல் மூடிக்கிடக்கும் செடியை அள்ளிக் கரையில் குவிக்கும். அடுத்த வருஷமும் அதே இடம், அதே செடி, மறுபடியும் செலவு.

பலரும் இதை ஆகாயத்தாமரை என்கிறார்கள். ஆனால் அது வேற செடி. குட்டி முட்டைக்கோஸ் மாதிரி மிதக்கும், சேம்பு குடும்பம். இளம் ஊதாப் பூவும் வெங்காயம் போல உப்பிய இலைக்காம்பும் இருந்தால் வெங்காயத்தாமரை. இது பான்டெடேரியேசி என்ற நீர்த்தாவரக் குடும்பம். நம்ம ஊர் நெல்வயலில் களையாக முளைக்கும் மோனோகோரியாவும் இதே குடும்பம்தான். அது ஏரியை மூடுவதில்லை.

வெங்காயத்தாமரையின் சொந்த ஊர் அமேசான் படுகை. அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி வங்காளத்தில் படகையும் நெல்லையும் முடக்க, 1936இல் அதற்கென்றே தனிச்சட்டம் போட்டார்கள். சட்டம் வந்தது, செடி போகவில்லை.

ஏன்? சூழல் சரியாக இருந்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். முழுசா அள்ளினாலும் விதைகள் சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். செடியின் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். லாரியில் ஏறுவதும் பெரும்பாலும் அதுதான்.

முக்கியமான காரணம் சாப்பாடு. கழிவுநீரில் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இதற்கு உரம். சுத்திகரிக்காத சாக்கடை ஏரிக்குள் வரும்வரை, செடியை எடுப்பது இலவச உரம் போட்ட வயலில் களை பறிப்பது போலத்தான். இதற்கிடையே தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்து மீன் சாகும், கொசு பெருகும். வெள்ளம் வந்தால் பாய் பாயாக நகர்ந்து பாலத்தின் கண்களை அடைக்கும்.

1980களில் தென் அமெரிக்க நியோகெட்டினா வண்டுகளை இந்தியாவில் விட்டுப் பார்த்தார்கள். பெங்களூரு பக்கத்து ஏரிகளில் பலனும் கிடைத்தது. ஆனால் வண்டு வேலையைக் காட்ட சில ஆண்டுகள் ஆகும். நடுவில் இயந்திரம் இறங்கினால் செடியோடு வண்டும் போய்விடும். சாக்கடை அதிகம் கலக்கும் இடத்தில், வண்டு தின்பதைவிட வேகமாகச் செடி வளர்ந்துவிடும்.

கூடை பின்னலாம், உரமாக்கலாம் என்பதும் நிஜம்தான். ஆனால் ஆலைக்கழிவு கலந்த நீரில் வளர்ந்த செடி கன உலோகங்களையும் உறிஞ்சியிருக்கும். சோதிக்காமல் அதைக் காய்கறித் தோட்டத்துக்குப் போடக் கூடாது.