ஹுசா! - மூன்றாம் பீட்டருக்காக ஒரு வக்காலத்து

டிஸ்கி: 'தி கிரேட்' தொடரை இன்னும் பார்க்காதவங்க இத்தோட அப்பீட் ஆகிடுங்க. மூணாவது சீசன் வரை கதையைப் போட்டு உடைக்கப் போறேன்.

ஹுலுவில் 2020லிருந்து 2023 வரை மூணு சீசன் வந்த தொடர் இது. எழுதினவர் டோனி மெக்நமாரா. யாரைக் கேட்டாலும் கேத்தரினா வர்ற எல் ஃபேனிங்கைத்தான் புகழறாங்க. தலைப்பே அந்தம்மாவைப் பத்தினதுதான், நியாயம்தான். ஆனா என் ஓட்டு அவங்க வீட்டுக்காரருக்கு. மூன்றாம் பீட்டரா வர்ற நிக்கோலஸ் ஹோல்ட்டுக்கு.

'அபௌட் எ பாய்' (2002) படத்துல ஹியூ கிராண்ட் பின்னாடியே சுத்துவானே ஒரு பொடியன், அவனேதான். வளர்ந்து நெடுநெடுன்னு நிக்கறார்.

இந்த பீட்டர் பண்ணாத அக்கிரமம் இல்லை. புதுப் பெண்டாட்டியை வயித்துல குத்தறான். சாப்பாட்டு மேஜையில எதிரிகளோட வெட்டின தலைகளை அடுக்கி வைக்கறான். செத்துப்போன அம்மாவைப் பதப்படுத்தி கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கான். நடுநடுவே 'ஹுசா!'ன்னு கத்தி கோப்பையைத் தரையில அடிக்கறான். வேற யாராவது நடிச்சிருந்தா முதல் எபிசோட்லயே டிவியை அணைச்சிருப்பேன்.

ஹோல்ட் என்ன பண்றார்னா, வில்லனா நடிக்கறதே இல்லை. ஒருத்தனைக் கொல்லச் சொல்றதும், இன்னிக்கு சமையல் பிரமாதம்னு சொல்றதும் அவருக்கு ஒரே குரல்தான். கெட்ட எண்ணமே கிடையாது, அடுத்தவனுக்கும் வலிக்கும்னு அந்த ஆளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, அவ்வளவுதான். ரெண்டாவது சீசன்ல பதவி போய் காவல்ல கிடக்கும்போது பெண்டாட்டி மேல நிஜமாவே காதல் வருது. அப்பவும் திடீர்னு திருந்திடறதில்லை. முகத்துல அந்த அசட்டுத்தனம் அப்படியே இருக்கு, நடுவுல லேசா ஒரு பயம் மட்டும் எட்டிப் பார்க்குது. அந்தப் பயத்துக்குத்தான் என் ஓட்டு.

சரி, இப்ப வழக்குக்கு வருவோம்.

நிஜ பீட்டர் இப்படி இல்லைங்க. தொடர்ல மகா பீட்டரோட மகன்னு வருது, உண்மையில பேரன். 1728ல ஜெர்மனியோட கீல் நகரத்துல பிறந்தவர். 1745ல கல்யாணம் ஆனப்ப ஆட்சி இவர் கையில இல்லை, சித்தி எலிசபெத்தான் அரசி. (தொடர்ல அந்தம்மாவைப் பட்டாம்பூச்சியோட பேசவிட்டுட்டாங்க!) பட்டத்துல இருந்தது 1762 ஜனவரியிலிருந்து ஜூலை வரை, ஆறே மாசம். அதுக்குள்ள பிரபுக்களுக்கு இருந்த கட்டாய அரசுப் பணியை நீக்கினார், ரகசியப் போலீஸ் துறையை மூடினார். முட்டாள் பண்ற வேலையா இது? அதே சமயம், போர்ல ஜெயிச்ச நிலத்தையெல்லாம் பிரஷ்யா மன்னருக்கே திருப்பிக் கொடுத்து ராணுவத்தோட வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டதும் இவர்தான்.

ஜூலையில கேத்தரின் ஆட்சியைப் பிடிச்சாச்சு. சில நாள்ல ரோப்ஷா மாளிகையில பீட்டர் காலி. மூலநோய் முத்தி வந்த வயித்துவலின்னு அறிவிச்சாங்க. நம்புவோம் :)

அப்புறம் அந்தம்மா நினைவுக் குறிப்பு எழுதினாங்க. கட்டில்ல பொம்மைச் சிப்பாய் வச்சு விளையாடுவார், பொம்மையைத் தின்ன எலிக்கு ராணுவ விசாரணை நடத்தித் தூக்கு போட்டார்ங்கற கதையெல்லாம் அதுலேர்ந்து வந்ததுதான். புருஷன் சாவால பட்டம் கிடைச்சவங்க சொல்ற சாட்சியத்தை எந்தக் கோர்ட் அப்படியே எடுத்துக்கும்? நாம எடுத்துக்கிட்டோம்.

'அங்கங்கே உண்மையான கதை'ன்னு தொடர்லயே போட்டுடறாங்க, அதனால எழுதினவர் மேல கேஸ் போட முடியாது. நிஜ பீட்டரை விட மோசமா எழுதி வச்சாங்க, ஆனா நடிச்சவர் அவரை நேசிக்க வச்சுட்டார். மூணாவது சீசன்ல உறைஞ்ச ஏரியில பனி உடைஞ்சு அவர் உள்ளே போறப்ப எனக்குத் தொண்டை அடைச்சுது. அதுக்கப்புறம் வர்ற எபிசோடெல்லாம் உப்பில்லாத உப்புமா. எல் ஃபேனிங் என்னதான் பாடுபட்டாலும் அந்தக் காலி நாற்காலிதான் கண்ணுல பட்டுது.

நிஜத்துலயும் அவர் இல்லாத குறையை ஜனங்க விடலை. 1773ல புகச்சோவ்ங்கற கொசாக், 'நான்தான் சாகாத மூன்றாம் பீட்டர்'னு சொல்லிக்கிட்டு கிளம்ப, ஆயிரக்கணக்கான குடியானவங்க பின்னாடி போனாங்க. தொடர்ல அந்த வேஷத்தையும் ஹோல்ட்டுக்கே கொடுத்தது சரியான குறும்பு.

1796ல கேத்தரின் செத்ததும் மகன் பாவெல் அப்பாவோட உடலைத் தோண்டி எடுத்து, உயிரோட இருந்தப்ப சூட்டாத கிரீடத்தைச் சூட்டினார். பீட்டர்ஸ்பர்க் பெரிய கோயில்ல புருஷனையும் பெண்டாட்டியையும் பக்கத்துப் பக்கத்துலயே புதைச்சார். இன்னும் அங்கேதான் இருக்காங்க ரெண்டு பேரும்.