திருவதிகையும் பலாத் தோப்பும்



பிரான்சில் செயின்ட் எமிலியோன் என்றொரு சிற்றூர். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சுண்ணாம்புக் கல்லால் எழும்பிய இடைக்கால ஊர். ஒரே பாறையைக் குடைந்தெடுத்த தேவாலயமும் அங்கே உண்டு. 1999-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது கட்டடங்களோடு சுற்றியிருந்த திராட்சைத் தோட்டங்களையும் சேர்த்துக்கொண்டது. ஊருக்குச் சோறு போட்ட பயிரும் ஊரின் சரித்திரம்தானே!

நம் கடலூர் மாவட்டத்தில் அப்படி ஓர் ஊரைக் கேட்டால், பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையை நான் சொல்வேன். குடிகாடு சிப்காட் பக்கமிருந்து கடலூர் வழியாகப் பண்ருட்டி போகிறவர்களில் பலர் அங்கே இறங்குவதே இல்லை என்பது என் மனக்குறை.

சிவனின் வீரச் செயல்களைச் சொல்லும் எட்டுத் தலங்களான அட்டவீரட்டத் தலங்களில் ஒன்று அது. சிவன் முப்புரம் எரித்த இடம் என்பதால் விமானமே தேர்போல நிற்கிறது. சமணத்தில் தருமசேனராக இருந்த மருள்நீக்கியார், சூலை நோய் தாளாமல் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து இரவோடு இரவாக வந்தது இங்கிருந்த அக்கா திலகவதியாரிடம்தான். அந்த அம்மையார் கோயிலைப் பெருக்கி மெழுகி, நந்தவனத்தையும் பேணியவர். நோய் நீங்கிய தம்பி அப்பராகி, கோயிலில் புல் செதுக்கும் உழவாரப் படையைத் தோளில் ஏந்தினார். 'உண்மை விளக்கம்' என்ற சைவ சித்தாந்த நூலை இயற்றிய மனவாசகங்கடந்தாரும் இவ்வூர்க்காரரே. 1750-களில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இந்தக் கோயிலையே கோட்டையாக்கிப் போரிட்டதும் உண்டு.

கோயிலை விட்டு வெளியே வந்து செம்மண் பூமிக்குள் கொஞ்சம் போங்கள். அடிமரத்திலேயே காய்த்துத் தொங்கும் பலாவை விரலால் சுண்டிப் பார்த்து, ஓசையிலேயே முற்றலா இளசா என்று சொல்லிவிடுகிறார்கள் தோப்புக்காரர்கள். வெட்டும்போது பால் ஒட்டாமலிருக்கக் கைக்கு எண்ணெய். 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயல் இந்தப் பலா மரங்களையும் இப்பகுதி முந்திரி மரங்களையும் வேரோடு சாய்த்துப் போட்டது. ஒரு தலைமுறை வளர்த்த தோப்பு ஒரே காலையில் போனது. கன்று வைத்து மறுபடி காத்திருந்தவர்களின் பொறுமை, கல்வெட்டுக்குக் குறைந்ததல்ல.

கோயிலுக்கு அறநிலையத் துறை இருக்கிறது. தோப்போ மனை போட யாராவது விலை பேசும் வரைதான் தோப்பு. இரண்டையும் ஒரே சொத்தாகக் காக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சித்திரைச் சதயத்தில் அப்பர் குருபூசை. பலா வரத்தும் அப்போதுதான். பிள்ளைகளோடு போய்வாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் வைத்த பலா, முந்திரி மரங்களைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்