எஞ்சின் பூட்டிய சைக்கிளும் ஏழைத் தொழிலாளியும்

பழைய சைக்கிள் ஒன்றை எடுத்து, அதில் புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினையோ, கடையில் பெட்டியோடு விற்கும் சிறு எஞ்சினையோ பூட்டி ஓட்டும் தொழிலாளர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். "இந்த வண்டியைச் சட்டப்படி ரோட்டில் ஓட்ட ஏதாவது வழி உண்டா? நம்பர் வாங்க முடியுமா? சம்மன் வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?" என்பது அவர்கள் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். இதற்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்வது நம் கடமை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். தொழிலாளி விளையாட்டுக்காக இந்த வேலையில் இறங்கவில்லை. பொழுது விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். பெரட்டு முடிந்து, தன் நிரை இருக்கும் தீம்பாருக்குப் போய்ச் சேர வேண்டும். லயத்திலிருந்து அது ஒரு மைலாகவும் இருக்கலாம், நான்கு மைலாகவும் இருக்கலாம். வெயில் ஏறினால் பால் குறையும். பால் குறைந்தால் சம்பளம் குறையும். பல ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்ட இந்நாளில், லயத்தை விட்டு வெளியேறிக் கம்பத்திலும் தாமானிலும் குடியிருந்துகொண்டு, தொலைவிலிருந்து வேலைக்கு வருவோரும் உண்டு. மேட்டுச் சடக்கில் சைக்கிள் மிதித்துக் களைத்த பின்னர்தான் அவனது வேலையே தொடங்குகிறது. புது மோட்டார் சைக்கிள் வாங்கக் கையில் பணமில்லை. ஆகவே கைக்குக் கிடைத்ததைக் கொண்டு ஒரு வண்டி செய்கிறான். இதில் வெட்கப்படுவதற்கு என்ன இருக்கிறது?

இன்று உலகெங்கும் ஓடும் மோட்டார் சைக்கிளின் கதையே இப்படித்தான் ஆரம்பமாயிற்று. போரில் தோற்று, பஸ்ஸும் ரயிலும் நெரிசலில் திணறிய ஜப்பானில், 1946ஆம் ஆண்டு சொய்சிரோ ஹோண்டா என்பவர், ராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தரச் செய்யப்பட்ட சிறு எஞ்சின்களை வாங்கிச் சைக்கிளில் பூட்டி விற்றார். பெட்ரோல் தாங்கிக்கு அவர் முதலில் பயன்படுத்தியது, குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்கும் வெந்நீர்க் கலம்! அந்தப் பட்டறையிலிருந்து வளர்ந்த கம்பெனி 1958இல் வெளியிட்ட சூப்பர் கப் என்ற வண்டிதான் நம் நாட்டில் 'கப்சாய்' என்ற பெயரையே உண்டாக்கியது. 2017ஆம் ஆண்டுக்குள் அந்த வகை வண்டிகள் பத்துக் கோடிக்கு மேல் செய்யப்பட்டுவிட்டன. ஆகையால், எஞ்சின் பூட்டிய தொழிலாளியின் கைத்திறனை நாம் ஒருபோதும் இழிவாகப் பேசமாட்டோம்.

ஆயினும் திறமை வேறு, சட்டம் வேறு. சட்டம் என்ன சொல்கிறது என்பதை மறைத்து வைத்தால் நாம் தொழிலாளிக்குத் துரோகம் செய்தவர்கள் ஆவோம்.

1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, ரோட்டில் ஓடும் மோட்டார் வாகனம் எதுவாயினும் அது ஜே.பி.ஜே.யில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். ஓட்டுபவரிடம் லைசன்ஸ் இருக்க வேண்டும். பிறருக்கு நேரும் உயிர்ச்சேதத்துக்கும் காயத்துக்கும் ஈடுசெய்யும் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். சாலை வரி கட்டியிருக்க வேண்டும். இவை சங்கிலி போன்றவை. பதிவு இல்லையேல் நம்பர் இல்லை. நம்பர் இல்லையேல் இன்சூரன்ஸ் இல்லை. இன்சூரன்ஸ் இல்லையேல் சாலை வரி இல்லை. வீட்டில் செய்த வண்டி முதல் கண்ணியிலேயே அறுந்து போகிறது.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் அரசாங்கம் சிறு வாகனங்கள் சிலவற்றை ரோட்டில் ஓட்டத் தடை செய்து விதிகள் வெளியிட்டது. நின்றபடி ஓட்டும் மின்சார ஸ்கூட்டர் போன்றவற்றோடு, மோட்டாரோ எஞ்சினோ பூட்டிய சைக்கிள் வகையான மோப்பெட்டும் அந்தத் தடைக்குள் வருகிறது. ஆகவே, "கொஞ்சம் பணம் கட்டினால் நம்பர் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வீட்டில் எஞ்சின் பூட்டிய சைக்கிளை இன்றைய சட்டத்தில் மலேசிய ரோட்டுக்கு உரியதாக்க வழியில்லை. வேறொரு மோட்டார் சைக்கிளின் நம்பரை எடுத்து அதில் மாட்டுவது இன்னொரு குற்றமாகும்.

கடலுக்கு அப்பால் சிங்கப்பூரிலும் நிலைமை இதுவே. அங்கே மின்சார உதவியோடு மிதிக்கும் சைக்கிளுக்கு இடமுண்டு. ஆனால் மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டும்போது மோட்டார் நின்றுவிட வேண்டும். எடை 20 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அதிகாரிகளின் முத்திரையும் பதிவு எண்ணும் வேண்டும். 2022ஆம் ஆண்டு முதல் ஓட்டுபவர் எழுத்துச் சோதனையிலும் தேற வேண்டும். பெட்ரோல் எஞ்சின் பூட்டிய சைக்கிளுக்கு அங்கு அனுமதியே கிடையாது. ஜோகூரிலிருந்து பாலம் கடந்து வேலைக்குப் போகும் நம்மவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

"நான் தோட்டத்துச் சடக்கில்தானே ஓட்டுகிறேன்?" என்று சிலர் கேட்கலாம். இதில் ஏமாந்து போகக்கூடாது. பொது ரோடு மட்டுமன்றி, பொதுமக்கள் போய்வரக்கூடிய மற்ற ரோடுகளையும் சட்டம் 'ரோடு' என்றே கணக்கிடுகிறது. கேட்டும் காவலும் இல்லாமல், கோயிலுக்கும் கடைக்கும் பள்ளிக்கும் யாரும் போய்வரும் தோட்டச் சடக்கு தனியார் நிலம் என்ற ஒரே காரணத்தால் தப்பிவிடாது.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, உயிரைப் பற்றிப் பேசுவோம். மிதிக்கிற சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. எஞ்சின் பூட்டியபின் அது 45 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக் கொள்வோம். வேகம் மூன்று மடங்கு. ஆனால் அந்த வேகத்தை நிறுத்தப் பிரேக் செய்ய வேண்டிய வேலை ஒன்பது மடங்கு! சக்கர வளையத்தைக் கவ்வும் இரண்டு ரப்பர்த் துண்டுகள் அந்த ஒன்பது மடங்கு வேலையைச் செய்யுமா? மழை நனைத்த செம்மண் சடக்கில், பின்னால் பால் டின் தொங்கும்போது செய்யுமா? முன் போர்க், கம்பிகள், சட்டம் ஆகியவை எஞ்சினின் அதிர்வைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் குழாய் கசிந்தால் அது சூடான புகைக்குழாயின் மேல்தான் சொட்டும். 2019ஆம் ஆண்டில் இந்நாட்டு ரோடுகளில் இறந்தவர்கள் 6,167 பேர். ஆண்டுதோறும் இப்படி இறப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்களும் பின்னால் உட்கார்ந்தவர்களுமே. கம்பெனியில் செய்த வண்டிக்கே இந்தக் கதி என்றால், கைவண்டிக்குச் சொல்ல வேண்டுமா?

வேலைக்குப் போகும் வழியில் விபத்து நேர்ந்தால் சொக்சோ இருக்கிறதே என்று சிலர் தைரியம் சொல்வார்கள். 1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம், தொழிலாளி தன் இருப்பிடத்துக்கும் வேலையிடத்துக்கும் இடையே வேலையின் பொருட்டுப் பயணம் செய்யும்போது நேரும் விபத்தையும் வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதுகிறது. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளத் தோழர்களுக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு இச்சட்டத்தில் கிடைத்துள்ளது. நல்ல சட்டம், போராடிப் பெற்ற உரிமைகளோடு சேர்த்துக் காக்க வேண்டிய சட்டம். ஆனால் சொக்சோ காப்பது தொழிலாளியையும் அவன் குடும்பத்தையும்தான். அவன் வண்டியில் மோதுண்டவரை அது காக்காது. லயத்து வாசலில் ஓடிவந்த குழந்தையின் கால் முறிந்தால், இன்சூரன்ஸ் இல்லாத வண்டியின் சொந்தக்காரன் தன் கையிலிருந்துதான் ஈடு கொடுக்க வேண்டும். அந்தக் குழந்தையும் ஒரு தொழிலாளியின் குழந்தையே அன்றோ? ஒரு விபத்தில் இரு ஏழைக் குடும்பங்கள் அழிவதை நாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அப்படியானால் தொழிலாளி நடந்தே சாக வேண்டுமா என்று கேட்பீர்கள். இல்லை. நேரான வழி ஒன்று இருக்கிறது. அந்த வழியைத் திறந்து விடுவது சங்கத்தின் வேலை, நிர்வாகத்தின் பொறுப்பு, சர்க்காரின் கடமை.

நேரான வழி, பதிவு செய்த சிறிய கப்சாய்தான். 150 சி.சி.க்கு உட்பட்ட மோட்டார் சைக்கிளுக்குத் தீபகற்ப மலேசியாவில் ஆண்டுச் சாலை வரி 2 வெள்ளி மட்டுமே. லைசன்ஸுக்குப் பி2 பிரிவு போதும். 16 வயது நிரம்பியவர் எடுக்கலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு உதவ 'மைலெசென்' என்ற திட்டத்தையும் போக்குவரத்து அமைச்சு அண்மை ஆண்டுகளில் நடத்தியிருக்கிறது. தலைக்கவசம் 1973ஆம் ஆண்டிலிருந்தே கட்டாயம்.

தடையாக நிற்பது வண்டியின் விலை. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. புது வண்டி என்றால் சில மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். தவணைக் கடைக்குப் போனால் வட்டி வேறு. இங்கேதான் பலர் அறியாத ஒரு சட்ட உரிமை ஒளிந்திருக்கிறது.

1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் 22ஆம் பிரிவு, முதலாளி தொழிலாளிக்குக் கொடுக்கும் சம்பள முன்பணம் அவன் முந்திய மாதம் பெற்ற சம்பளத்துக்கு மேல் போகக்கூடாது என்று பொதுவாகக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் வீடு, நிலம், ஆடுமாடு வாங்குவது போன்ற சில காரியங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அந்தப் பட்டியலில் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன! 24ஆம் பிரிவின்படி, அந்த முன்பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக் கொள்ளலாம். ஆனால் வட்டி வாங்கக்கூடாது. பொதுவாக ஒரு மாதத்தில் எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து சம்பளத்தில் பாதிக்கு மேல் போகவும் கூடாது.

இதன் பொருள் என்ன? தொழிலாளிக்கு வட்டியில்லாமல் வண்டி வாங்கித் தரச் சட்டம் நிர்வாகத்தின் கையைக் கட்டவில்லை. கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதும் உண்மைதான். ஆகவே அது கேட்டுப் பெற வேண்டிய ஒன்று. ஒருவன் தனியாகத் துரையிடம் போய் நின்றால் "பார்க்கலாம்" என்ற பதில் வரும். கிளை முழுவதும் சேர்ந்து எழுத்தில் கேட்டால் பதில் வேறாக இருக்கும். நேரத்தோடு தீம்பாருக்கு வந்து சேரும் தொழிலாளியால் லாபம் யாருக்கு? நிர்வாகத்துக்கும்தானே!

ஆகவே ஒவ்வொரு கிளையும் நிர்வாகத்திடம் மூன்று காரியங்களைக் கேட்க வேண்டும். ஒன்று, 22ஆம் பிரிவின்படி வட்டியில்லா முன்பணம். அதைத் தொழிலாளியின் குடும்பம் பட்டினி கிடக்காத சிறு தவணைகளில் பிடிக்க வேண்டும். இரண்டு, தொலைவிலுள்ள தீம்பார்களுக்குத் தோட்டத்து லாரியோ வேனோ, மனிதரை ஏற்றுவதற்குரிய முறையில், இனாமாக. மூன்று, பெரட்டுக் களத்திலிருந்து போகும் முக்கியச் சடக்குகளில் குழிகளை மூடி விளக்குப் போடுதல்.

பழைய வண்டி வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. மலிவாகக் கிடைக்கிறது என்று பாயாதீர்கள். எஞ்சின் நம்பரும் சேஸி நம்பரும் கிராண்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். பெயர் மாற்றம் முடியுமுன் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். மின்சார சைக்கிள் வாங்க நினைப்பவர் கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பாமல் ஜே.பி.ஜே. அலுவலகத்தில் கேட்டறிந்து வாங்குவது நன்று.

சர்க்காரிடமும் நமக்கு ஒரு கோரிக்கை உண்டு. பிரிட்டனில், ஒற்றையாகச் செய்யப்பட்ட இருசக்கர வண்டியையும் தனியே சோதித்து ஏற்கும் முறை இருக்கிறது. பிரேக், விளக்கு, சத்தம் முதலியவற்றைச் சோதனை அதிகாரி பார்க்கிறார். தேறினால் அந்த வண்டியைப் பதிவு செய்யலாம். நம் நாட்டில் அப்படி ஏன் ஒரு வாசல் இருக்கக்கூடாது? வேகம் குறைந்த, எடை குறைந்த வண்டிகளுக்கு ஒரு தனிப் பிரிவு வகுத்து, குறைந்த கட்டணத்தில் சோதனையும் நம்பரும் மலிவான இன்சூரன்ஸும் தரலாம். தேறாத வண்டியை நிறுத்தட்டும், நாம் மறுக்கவில்லை. தடை ஒன்றையே பதிலாகத் தந்துவிட்டால், வண்டி ரோட்டை விட்டுப் போகாது. வெளிச்சத்தை விட்டுத்தான் போகும். விளக்கில்லாமல், பின்சடக்கில், போலீஸுக்குப் பயந்து ஓடும்.

கிராணிமார்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. பாரம் நிரப்பத் தெரியாததால் லைசன்ஸ் எடுக்காதவர் எத்தனை பேர்! லைசன்ஸுக்கான எழுத்துச் சோதனையைத் தமிழிலேயே எழுதலாம் என்பதைக்கூட அறியாதவர் எத்தனை பேர்! வாரத்தில் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கிக் கிளை அலுவலகத்தில் உட்கார்ந்து பாரம் எழுதிக் கொடுங்கள். விதிகளைப் படித்துக் காட்டுங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் கட்டணத்தைக் குறைக்கும்படி ஓட்டுநர் பள்ளியிடம் சங்கத்தின் பேரால் பேசலாம்.

தொழிலாளத் தோழர்களே, எஞ்சின் பூட்டிய சைக்கிளை இன்றே ரோட்டிலிருந்து இறக்குங்கள். அந்தக் கைத்திறனைப் பட்டறையில் வைத்துக் கொள்ளுங்கள். அதற்கு ஒரு நாள் மதிப்பு வரும். அடுத்த கிளைக் கூட்டத்தில் முன்பணக் கோரிக்கையை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். வட்டியில்லாத முன்பணமும், நம்பர் உள்ள வண்டியும், கையில் லைசன்ஸும், தலையில் கவசமும் இருந்தால், எந்தச் சோதனைச் சாவடியிலும் தொழிலாளி தலை குனிய வேண்டியதில்லை.